மறுபடி காட்டாத கோல்

பிப்ரவரி 9

அக்கா,

உன்னோடு பேசக்கூடாது என்று இருந்தேன். இது பேச்சு இல்லை, கடிதம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன். போனில் கூப்பிடாதே. கூப்பிட்டால் அம்மா ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் நின்றுகொண்டு என் வாயையே பார்ப்பார்கள். எனக்கு "ம்" தவிர வேறு எதுவும் வராது. உடனே நீ "இன்னும் கோபமாடி?" என்பாய். கோபம்தான். அதைப் போனில் சொல்லத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். நம் சூளை அணி கோப்பையில் கால் இறுதிக்குப் போய்விட்டது. செங்கல் சூளைத் தொழிலாளிகள் ஆரம்பித்த அணி, கீழ்ப்பிரிவில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கிற அணி, கால் இறுதியில்! நேற்று தெருவே கத்தியது. நான் கத்தவில்லை. நான் எங்கே நின்றிருப்பேன் என்று உனக்குத் தெரியும். சலவைக் கடையின் இஸ்திரி அறையில், கதவுக்குப் பின்னால்.

நீ இருந்தபோது எனக்காகப் பேச ஓர் ஆள் இருந்தது. சின்ன வயதில் மேட்ச் நடக்கும்போது டிவி முன்னால் நான் டீ கொண்டுபோன போதெல்லாம் எதிரணி கோல் போட்டது என் குற்றமா? அன்று மாமா சொன்னதுதான், "இவ பாத்தா விளங்காது". இப்போது வாடிக்கையாளர்களும் அதை நம்புகிறார்கள். நேற்று பெனால்டி வந்ததும், கோட்டு வாங்க வந்த பல் டாக்டர்கூட, "பாப்பா உள்ள போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். படித்தவர் அக்கா!

கதவின் கீழே டிவி வெளிச்சம் மட்டும் வந்துபோனது. நடுவில் படம் அப்படியே உறைந்துவிட்டது போலிருக்கிறது. மாமா டிவியின் தலையில் அடிக்கிற சத்தம் கேட்டது. "இப்பப் போயா நிக்கணும், சனியன்!" என்றார். டிவியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. பிறகு ஒரே அலறல். நம் கோல்கீப்பர் 'கதவு' கடைசிப் பந்தைத் தடுத்துவிட்டானாம். எல்லாரும் கத்தி முடித்து, கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்த பிறகு மாமா கூப்பிட்டார், "இப்ப வாடி, மறுபடி காட்டுறான், பாத்துக்கோ."

முடிந்துபோனதை நான் பார்த்தால் ஆபத்து இல்லையாம். அதனால் நான் இதுவரை பார்த்த கோல்கள் அத்தனையும் மெதுவாக நடந்தவை. பந்து தண்ணீருக்குள் போவது போல நீந்திக்கொண்டு போகும். அது நிஜத்தில் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது.

நீயோ அந்தப் பெரிய மைதானத்துக்குள்ளேயே வேலை பார்க்கிறாய். சம்பளமும் வாங்கிக்கொண்டு மேட்சும் பார்க்கிறாய். நீ போன வேகத்தில், அம்மாவுக்கு முதுகு வலி, கடைக்கு ஆள் வேண்டும் என்று என்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள். "ஆறு மாசத்துல உன்னைக் கூப்டுக்கறேன்" என்று நீ சொன்னதை நான் நம்பினேன். இப்போது உன் இடத்தில் நின்று உன் இஸ்திரிப் பெட்டியைத்தான் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இல்லை, அதற்காகவும்தான்.

கால் இறுதி உங்கள் மைதானத்தில். துறைமுக அணியோடு. உனக்கே தெரிந்திருக்கும். தெரிவித்தேன், அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

எலி


பிப்ரவரி 15

என் சுண்டெலிக்கு,

இத்தனை மாதம் கழித்து ஒரு கடிதம், அதிலும் பாதி சண்டை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. விடுதி அறையில் என்னோடு இருப்பவள், "யாருடி, லவ் லெட்டரா? சிரிக்கிற?" என்றாள். "இல்லடி, சாபம் வந்திருக்கு" என்றேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நான் மேட்ச் பார்ப்பதில்லை.

என் வேலை, மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து நிற்பது. கூட்டத்துக்கு முகம், ஆட்டத்துக்கு முதுகு. யாராவது வேலியில் ஏறுகிறானா, பாட்டில் எறிகிறானா, மயங்கி விழுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையைத் திருப்பினால் போச்சு. எங்கள் மேற்பார்வையாளருக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருக்கிறோம். போன மாதம் ஒருத்தி ஒரே ஒரு ஃப்ரீ கிக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். இப்போது கார் நிறுத்துமிடத்தில் மழையில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டுகிறாள்.

என் முதுகுக்குப் பின்னால் பந்து உதைபடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் முகங்கள்தான். இத்தனை ஆயிரம் முகங்களும் ஒன்றாக இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திரும்பும். வாய்கள் மெதுவாகத் திறக்கும். யாரும் சொல்லாமலே எல்லாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் எழும்புவார்கள், பால் பொங்கி வருகிற மாதிரி. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நேரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். ஆனால் ஒரு கோலைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. உனக்காவது மறுபடி காட்டுகிறார்கள்.

பள்ளிக்கூட விஷயம். என் சம்பளத்துக்கு இங்கே ஒரு கட்டில்தான் கிடைத்தது, இரண்டு கிடைக்கவில்லை. அதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீ கோபப்படுவது நியாயம். கோபத்தை விடாதே. ஆனால் இங்கே வந்து நேரில் காட்டு.

ஏனென்றால், கோப்பை ஆட்டத்துக்கு ஊழியர்களின் வீட்டாருக்கு ஒரு டிக்கெட் தருவார்கள். இதுவரை நான் கேட்டதே இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகப் போய் வாங்கிவிட்டேன். நான் நிற்கிற இடத்துக்கு எதிரே, நாலாவது வரிசை. ஒரே சிக்கல், அது துறைமுகக்காரர்களின் பகுதி. சுற்றிலும் நீலமாக இருக்கும். நீ சிவப்புச் சட்டை போடக்கூடாது. நம்ம ஆள் கோல் போட்டால் வாயைத் திறக்கக்கூடாது. யோசித்துப் பார்த்தேன், இந்த உலகத்தில் அந்த இடத்தில் உட்காரத் தகுதியுள்ள ஒரே சூளை ரசிகை நீதான்.

வேன்கார அண்ணன் சனிக்கிழமைதோறும் ஓட்டல் விரிப்புகளை இங்கே கொண்டுவருகிறார் அல்லவா, அவரோடு வா. அம்மாவிடம் நான் பேசுகிறேன். மாமாவிடம் நீ பேசு.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

நான் வரவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

மாமாவிடம் கேட்டேன். நானாகப் போய்க் கேட்டேன், அதுவே பெரிய விஷயம். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. மடித்துக்கொண்டிருந்த பேன்ட்டைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"சின்னப் பையனா இருந்ததுலேர்ந்து பாக்குறேன்மா. நம்ம ஊரு கால் இறுதியைக் கண்டதே இல்ல. அக்காவைப் பாக்கணும், போயிட்டு வா. கிரவுண்டுக்குள்ள போறதும் சரி. ஆனா பெனால்டி கினால்டின்னு வந்துச்சுன்னா மட்டும் கண்ண மூடிக்கோ. மாமாவுக்காக."

என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவின் கை எப்போதும் சூடாக இருக்கும், உனக்குத் தெரியும். நான் தலையாட்டிவிட்டேன்.

அவ்வளவு தூரம் வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதற்கு எதற்காக வர வேண்டும்? ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. மாமா சொல்வது சரியாக இருந்துவிட்டால்? டிவியில் பார்த்ததற்கே தோற்றார்கள். நேரில் என் கண் பட்டால் என்ன ஆகும்? நீ சிரிப்பாய். பகலில் எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் 'கதவு' தடுத்த அந்தப் பந்தை நினைத்தால், நான் உள்ளே நின்றதால்தானோ என்று தோன்றிவிடுகிறது.

அப்புறம் கூட்டம். கடைக்கு மூன்று பேர் சேர்ந்தாற்போல வந்தாலே நான் தொங்குகிற கோட்டுகளுக்குப் பின்னால் போய்விடுகிறேன்.

டிக்கெட்டை உன் அறைத்தோழிக்குக் கொடு.

எலி


பிப்ரவரி 24

எலி,

டிக்கெட்டில் உன் பெயரை அச்சடித்துவிட்டார்கள். என் அறைத்தோழி கிரிக்கெட் பைத்தியம்.

மாமாவுக்குத் தலையாட்டினாயாம். நீ எதற்குத்தான் தலையாட்டவில்லை? பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறோம் என்றபோதும் தலையாட்டினாய். அதை நான் மறக்கவில்லை.

ஒரு விஷயம் கேட்கிறேன். நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து ஒரு நிமிஷம்கூட ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அப்படியும் துறைமுகக்காரர்கள் சில நாள் ஜெயிக்கிறார்கள், சில நாள் மண்ணைக் கவ்வுகிறார்கள். உன் கண்ணுக்கு அவ்வளவு சக்தி என்றால் என் முதுகுக்கும் கொஞ்சம் இருக்க வேண்டாமா? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே நாம்?

மேட்சுக்கு முன்னால் என்னால் உன்னைச் சந்திக்க முடியாது. முடிந்த பிறகும் கூட்டம் கலைகிறவரை நகரக்கூடாது, வேன்கார அண்ணன் காத்திருக்கமாட்டார். ஆக, பேச முடியாது. பார்த்துக்கொள்ளத்தான் முடியும். ஆனால் ஆட்டம் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருக்கப் போவது உன்னைத்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கண்ணை மூடுவதா திறப்பதா என்பதை இங்கே வந்து முடிவு செய்துகொள். வா.

அக்கா

பி.கு.: என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிடாதே. விசில் பார்ப்பார்.


மார்ச் 1

அக்கா,

வருகிறேன். சாம்பல் நிறச் சட்டை போட்டிருப்பேன்.

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கித் தானே தேய்த்தாள். கழுத்துப்பட்டியை மட்டும் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

எலி


மார்ச் 9

எலி,

கடைசியில் படிக்கட்டில் ஓடுகிற உன் சாம்பல் நிற முதுகைத்தான் பார்த்தேன். வேனைப் பிடித்தாயா? சாப்பிட்டாயா?

நான் என்ன பார்த்தேன் என்று எழுதுகிறேன், நீ என்ன பார்த்தாய் என்று எழுது. இரண்டையும் சேர்த்தால்தான் எனக்கு ஒரு முழு மேட்ச்.

நீ படியின் உச்சிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாய். பின்னால் வந்தவர்கள் "போம்மா, வழியில நிக்காதம்மா" என்கிறார்கள், உனக்குக் காதே கேட்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இங்கே வருகிறவர்கள் எல்லாரும் வந்து வந்து பழகியவர்கள். நொறுக்குத்தீனியைப் பார்ப்பார்கள், செல்போனைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு பார்வையை நான் யாரிடமும் கண்டதில்லை. என் பின்னால் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கே திரும்பிப் பார்க்க வேண்டும்போல் ஆகிவிட்டது. கழுத்தை இறுக்கிப் பிடித்து நின்றேன்.

துறைமுகம் முதல் கோல் போட்டபோது எல்லாரும் துள்ளினார்கள். நீ அவர்களின் இடுப்புகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் இருந்த நீலத் தொப்பிப் பெரியவர் உன்னைத் தோளோடு அணைத்துக் குலுக்கினார். உன் முழி! நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பாதுகாப்பு ஊழியர் சிரிக்கக்கூடாது.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. என் பின்னால் ஒரு கெட்டியான உதை. எதிரே இருந்த அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் அணைந்தன, ஊர் முழுக்கக் கரண்ட் போன மாதிரி. ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

நீ எழுந்திருக்கவில்லை. கத்தவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாய். ஆனால் உன் முகத்தை உன்னால் எங்கேயும் வைத்து அழுத்த முடியவில்லை. எலி, உன்னைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவள் நான், அந்த முகம் உனக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. யார் போட்டான், எந்தக் காலால் போட்டான், ஒன்றும் தெரியாது. ஆனால் நான் பார்த்த முதல் கோல் அதுதான்.

ஆட்டம் சமனில் முடிந்து, பிறகு பெனால்டி. எல்லாரும் எழுந்து நின்றார்கள். நீயும் எழுந்தாய். எழுந்து, திரும்பி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாய். உன் பின்னலைத்தான் பார்த்தேன்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. நான் சம்பளத்துக்கு அப்படி நிற்கிறேன். நீ எதற்கு நிற்க வேண்டும்?

பார்வையாளர்களிடம் நாங்கள் சொல்ல அனுமதி உள்ள வார்த்தைகள் கொஞ்சம்தான். அதில் ஒன்றை எடுத்து, தொண்டை கிழியக் கத்தினேன். "மேடம்! சாம்பல் சட்டை மேடம்! முன்னால பாத்து நில்லுங்க மேடம்!" விசில் திரும்பிப் பார்த்தார். அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, விதிமுறையில் இருக்கிற வாக்கியம். உன்னை 'மேடம்' என்று கூப்பிட்டதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டமாட்டாய் என்று நம்புகிறேன்.

நீ திரும்பினாய். கண் மூடியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவன் வேலிமேல் காலை வைத்தான், நான் அவனிடம் ஓட வேண்டியதாகிவிட்டது. அவனை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் எல்லாம் முடிந்து நீலக்கூட்டம் குதித்துக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டோம் என்று புரிந்தது. உன்னைத் தேடினேன், காணோம்.

கண்ணைத் திறந்தாயா இல்லையா? அதைச் சொல் முதலில்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

திறந்தேன்.

மற்றதை நிதானமாகச் சொல்கிறேன். படி உச்சியில் நான் ஏன் நின்றேன் என்றால், அந்த மைதானம் முடியவே இல்லை. டிவியில் மைதானம் ஒரு தட்டு அளவுதான். அதில் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே அவர்களே காட்டிவிடுவார்கள். இங்கே யாரும் எதையும் காட்டவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒருவன் ஓடுகிறான், அந்தக் கோடியில் 'கதவு' தனியாக நின்று கையுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறான், ஒரு காகிதம் பறக்கிறது, மேலே அவ்வளவு வானம். இத்தனையையும் என்னிடமே விட்டுவிட்டார்களே என்று பயமாக இருந்தது. கூட்டத்தைப் பற்றிய பயம் எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

வேகத்தை எப்படிச் சொல்வது? நம் பத்தாம் நம்பர், ஒல்லி, ஓரத்திலிருந்து உள்ளே வந்தான். காலைத் தூக்கியதைப் பார்த்தேன். வலை குலுங்கியதைப் பார்த்தேன். நடுவில் எதுவுமே இல்லை. பந்து நீந்தவில்லை அக்கா. அங்கே இருந்தது, பிறகு இங்கே இருந்தது. மறுபடி காட்டுவார்கள், அப்போது சரியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். பெரிய பலகையில் எண் மட்டும் மாறியது. ஆட்டக்காரர்கள் நடுவுக்கு வந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நான், ஒரு அந்நிய மனிதரிடம், நானாக வாயைத் திறந்து, நீலத் தொப்பிப் பெரியவரைக் கேட்டுவிட்டேன், "மறுபடி எப்ப காட்டுவாங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேணாம்மா, ஒரு தடவை பாத்ததே வயிறு எரியுது" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. அது அவ்வளவுதான். இனி வராது. அதை நான் பார்த்துவிட்டேன்.

பெனால்டியில் நான் திரும்பி நின்றது மாமாவுக்காக. நீ கத்தியது கேட்டது, உன் குரலைக் கேட்டு எத்தனை நாள். திரும்பினேன், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணை மூடியதும் அது இஸ்திரி அறையாகிவிட்டது. மற்றவர்கள் மூச்சை இழுப்பதும் விடுவதும், அதிலிருந்து நான் ஊகிப்பதும், எல்லாம் அதே. வேனில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்து மறுபடி அந்த அறைக்குள்ளேயே நிற்கிறேன். அழுகை வந்தது. திறந்துவிட்டேன்.

கடைசி உதை. ஒல்லிதான். பந்தை வைத்துவிட்டு, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். வெகுதூரத்தில், தீக்குச்சி அளவில் தெரிந்தான். பந்து கம்பத்தில் பட்டதை நான் முதலில் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் பிந்தி என்னிடம் வந்தது. அவ்வளவு தூரம் அக்கா! அவ்வளவு தூரத்திலிருந்து என் பார்வையா அதைத் தள்ளியிருக்கும்? அந்தப் பந்துக்கு என்னைத் தெரியவே தெரியாது. இவ்வளவு பெரிய ஒன்றைக் கெடுக்கிற அளவுக்கு நான் பெரியவள் இல்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தோற்றதற்கும் சேர்த்து அழுதேன்.

வேன்கார அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், அதனால்தான் ஓடினேன். உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையை ஆட்டியிருப்பேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் மாமா கேட்டார், "கண்ண மூடிக்கிட்டியா?"

அம்மாவின் கை நின்றது. நான் தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். தலை ஆடவும் பார்த்தது.

"இல்ல மாமா. பாத்தேன். கடைசி உதையையும் பாத்தேன்."

மாமா கையிலிருந்த சட்டைக்குப் பொத்தான்களைப் போட்டார். எல்லாம் போட்டு முடித்துவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். நான் இஸ்திரி அறைக்குப் போகத் திரும்பினேன். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"கம்பத்துல பட்டுச்சே. சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா. பட்டதுக்கு அப்பறமா கேட்டுச்சு."

"அப்பறமாவா?"

"ஆமா மாமா. அவ்ளோ தூரம்."

மாமா சட்டையைக் கீழே வைத்தார். அவர் ஒரு தடவைகூட மைதானத்துக்குள் போனதில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. இத்தனை வருஷமும் அந்தச் சின்னப் பெட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். முக்காலியை இழுத்து என் பக்கம் போட்டார்.

"உக்காரு. ஆரம்பத்துலேர்ந்து சொல்லு."

நான் உட்கார்ந்தேன் அக்கா. படி உச்சியிலிருந்து ஆரம்பித்தேன். யாரோ துணி வாங்க வந்தார்கள், அம்மா அவர்களைக் கையால் அமர்த்தி நிற்க வைத்தாள். நான் நிறுத்தவில்லை. வானம்வரை சொல்லிவிட்டு மூச்சு வாங்கியபோது மாமா குறுக்கே கேட்டார், சின்னப் பையன் கேட்பது போல.

"புல்லு நிஜமாவே அவ்ளோ பச்சையா?"

"அதைவிடப் பச்சை மாமா" என்றேன்.

எலி